ஷியோக்: ஒரு சிங்கப்பூர்ப் பெயரடை வந்த வழி

சிங்கப்பூரில் பேசப்படும் ஆங்கிலத்தில், நாவுக்கும் உடம்புக்கும் மனத்துக்கும் ஒருசேர நிறைவு தரும் எதனையும் சுட்டுவதற்கு 'ஷியோக்' என்னும் சொல் வழங்குகிறது. ஒரு பொருளின் தன்மையை விளக்கிப் பெயர்ச்சொல்லைத் தழுவி நிற்கும் சொல்லைப் பெயரடை என்பர். இதுவும் அவ்வகைச் சொல்லே எனினும், பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இதற்கு இடம் தருவதில்லை, தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் இது தென்படுவதில்லை, பிறப்பாலும் இது ஆங்கிலச் சொல் அன்று. ஆயினும் உலகின் மிகப் பெரிய ஆங்கில அகராதியாகக் கருதப்படும் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி, 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதிதாகச் சேர்த்த சொற்களுள் இதனையும் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரரைக் குறிக்கும் 'ஆங் மோ', வேலையின்றி ஓய்வாகப் பொழுது கழிப்பதைக் குறிக்கும் 'லேபாக்', உணவங்காடி நிலையத்தைக் குறிக்கும் 'ஹாக்கர் சென்டர்' முதலிய சொற்களும் அதே தொகுப்பில் இடம்பெற்றன. போட்டியில் பிறரிடம் தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தால் எதிலும் முந்திக்கொள்ளும் குணத்தைச் சுட்டும் 'கியாசு' என்னும் ஹொக்கியன் சீனச் சொல் 2007லேயே அந்த அகராதிக்குள் நுழைந்துவிட்டது. ஆங்கிலத்தை அடித்தளமாகக் கொண்டு மலாய், ஹொக்கியன், கான்டனீஸ், தமிழ் ஆகியவற்றின் சொற்களையும் தொடரமைப்பையும் கலந்து பேசும் இந்த வழக்குக்குச் 'சிங்கிலிஷ்' என்று பெயர்.

'நன்று' என்று பொதுவாகப் பொருள் கூறிவிட்டால் 'ஷியோக்' விளங்கிவிடாது, ஏனெனில் அதன் எல்லை 'நன்று' என்பதன் எல்லையைவிடக் குறுகியது, ஆனால் அந்த எல்லைக்குள் அதன் அழுத்தம் மிகுதி. உறைப்பான குழம்பை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு முடித்தவர் அதனை ஷியோக் என்பார். நண்பகல் வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்து குளிரூட்டிய பேருந்தில் ஏறி அமர்ந்தவரும், பல நாள் புழுக்கத்துக்குப்பின் பெய்த மழையின் காற்றைச் சன்னலோரம் நின்று வாங்குபவரும், வலித்த தோளைப் பிடித்துவிடச் செய்துகொண்டவரும் அதே சொல்லைச் சொல்வர். இவை அனைத்திலும் முதலில் ஒரு வேட்கையோ குறையோ இருந்து, அது உடம்பு உணரும்படி தணிகிறது. நேர்மையான மனிதரை எவரும் ஷியோக் என்று சொல்வதில்லை. பயனுள்ள சட்டமும் சிறந்த ஆய்வுக் கட்டுரையும் அவ்வாறே அச்சொல்லுக்கு அப்பாற்பட்டவை. விடுமுறை, பந்தாட்ட வெற்றி, நெடுநாள் சுமந்த வேலையை முடித்த விடுதலை ஆகியவற்றுக்கு அது நீளும். பிறரைப் படாதபாடு படுத்தியவர் தாமும் அவ்வாறே மாட்டிக்கொள்ளும்போது பார்ப்பவருக்கு எழும் மனநிறைவுக்கும் அது பொருந்தும். ஆயினும் அந்த நீட்சிகள் எல்லாவற்றிலும் உடம்பின் இன்பமே உவமைக்கு அடிப்படையாக நிற்கிறது.

தமிழ்நாட்டு இளைஞர்கள் இன்று வழங்கும் 'செம' என்னும் சொல்லோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 'செம படம்' என்பதைப் போலவே 'செம அடி', 'செம வெயில்' என்றும் சொல்லலாம். அச்சொல் நன்மையையும் தீமையையும் ஒருங்கே மிகுதிப்படுத்தும் அடைமொழியாக மாறிவிட்டது. 'ஷியோக்' அவ்வாறு மிகுதி குறிக்க வராது, துன்பத்தின்மேல் அது ஏறாது. தொடரில் அது நிற்கும் இடமும் கவனிக்கத்தக்கது. ஆங்கில இலக்கண மரபில் பெயரடை பெயருக்கு முன்னும் வரும், பயனிலையாகத் தொடர் முடிவிலும் வரும். சிங்கிலிஷில் இச்சொல் பெரும்பாலும் பயனிலையாகவே வருகிறது, அதுவும் ஆங்கிலத்துக்குக் கட்டாயமான 'இஸ்' என்னும் இணைப்புவினை இல்லாமலே வருகிறது. 'திஸ் கறி டாம் ஷியோக்' என்பது இயல்பான தொடர். 'இந்தக் கறி ரொம்ப ருசி' என்று இணைப்புவினையின்றிப் பேசும் தமிழருக்கும், அவ்வாறே பேசும் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை. முன்னே 'டாம்', 'சோ', 'சூப்பர்' போன்ற மிகுதிச் சொற்களும், பின்னே பேசுபவரின் மனநிலையைக் காட்டும் 'லா', 'ஆ', 'சியா' போன்ற இடைச்சொற்களும் அதனுடன் சேர்கின்றன. தனித்து நின்று வியப்பிடைச்சொல்லாகவும் அது ஒலிக்கும். முதல் மிடறு விழுங்கியவுடன் 'ஷியோக்!' என்று சொன்னால் அதுவே முழுத்தொடர். மலாய்ச் சொல்லான 'செண்டிரி' என்பதைச் சேர்த்து 'ஷியோக் செண்டிரி' என்றால், பிறர் மதிக்கிறார்களா என்று பாராமல் தன்னைத்தானே மெச்சித் தானே மகிழ்ந்துகொள்ளும் போக்கைக் குறிக்கும். அப்போது பாராட்டுச் சொல் குறைகூறும் சொல்லாகிவிடுகிறது.

இச்சொல் வந்த வழியைப் பின்தொடர்வது தமிழருக்குத் தனிப்பயன் உடையது. சிங்கப்பூர் ஆங்கிலம் இதனை மலாயிலிருந்து பெற்றது. மலாயில் இன்றைய எழுத்துமுறைப்படி இது 'ஸ்' ஒலிக்குரிய எழுத்தையும் 'ய்' ஒலிக்குரிய எழுத்தையும் இணைத்து எழுதப்படுகிறது, மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972இல் தம் எழுத்துமுறையை ஒன்றுபடுத்தியபோது ஷகர ஒலிக்கு அந்த இணையெழுத்தே வகுக்கப்பட்டது. மலாய்ச் சொல்லுக்கு அடியாக அரபு மொழியின் 'ஷௌக்' என்பதைச் சுட்டுவதே பொதுவழக்கு. அரபில் அதன் பொருள் ஏக்கம், தீரா விழைவு என்பது. இறைவனை நாடும் அடியாரின் தவிப்பைக் கூற சூஃபி மரபினர் பயன்படுத்திய சொல் அது. பாரசீகமும் உருதுவும் அதனை ஏற்றுக்கொண்டபோது பொருள் சற்றே இறங்கிவந்து, ஒன்றில் வைக்கும் ஆர்வம், விருப்பப் பொழுதுபோக்கு என்றானது. புறா வளர்ப்பதும் கவிதை கேட்பதும் நல்லுடை உடுப்பதும் ஒருவருடைய ஷௌக் ஆகலாம். மலாய்ப் பேச்சில் பழைய பொருளின் தடம் இன்னும் அழியவில்லை, ஒருவர் மற்றொருவர்மேல் மயக்கம் கொண்டிருப்பதையும் அம்மொழியினர் இதே சொல்லால் கூறுகின்றனர். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் அந்த ஏக்கம் முற்றிலும் மறைந்து, ஏக்கம் தணிந்தபின் எஞ்சும் இன்பம் மட்டுமே நிலைபெற்றிருக்கிறது. பசியைக் குறித்த சொல் பசியாறியதைக் குறிக்க வந்த இந்த மாற்றம், சொற்பொருள் வரலாற்றில் காணத்தக்க அழகான திருப்பங்களுள் ஒன்று.

தமிழில் நெடுங்காலமாக வழங்கும் 'சோக்கு' என்னும் சொல்லும் உருதுவின் ஷௌக் வழியாக வந்ததாகவே கொள்ளப்படுகிறது. உருவொப்புமை கருதி, மயங்குதல் என்னும் பொருளுடைய 'சொக்கு' என்ற தமிழ் வினையோடு இதனைச் சேர்த்துவிடலாகாது. அது குறில் முதலுடையது, மதுரைச் சொக்கநாதர் பெயர் வரை நீளும் தனிக்குடும்பம் உடையது. 'சோக்கு' தமிழ்நாட்டில் வேறொரு திசையில் வளர்ந்தது. ஆர்வம், ரசனை என்ற பொருள், ரசனையுள்ளவர் தம் தோற்றத்தில் காட்டும் ஒழுங்கைக் குறிக்கத் தொடங்கி, மடிப்புக் கலையாத சட்டையும் வாசனைத் தைலமுமாக உலவுபவரைச் 'சோக்குப் பேர்வழி' என்று சொல்லவைத்தது. அதில் மெச்சுதலும் சிறிது எள்ளலும் கலந்திருந்தன. சென்னைப் பேச்சில் 'சோக்கா கீது' என்றால் உடைக்கும் பொருந்தும், ஊர்தி ஓட்டத்துக்கும் பொருந்தும், உணவுக்கும் பொருந்தும். இலங்கைத் தமிழர் பேச்சில் 'சோக்கான சாப்பாடு' என்பது இன்றும் இயல்பான பாராட்டு. சிங்களத்திலும் 'ஷோக்' என்ற வடிவம் அதே பொருளில் வழங்குகிறது. ஆக, சிங்கப்பூரில் ஒருவர் மீன் கறியை ஷியோக் என்று புகழ்வதும், கொழும்பில் மற்றொருவர் அதனைச் சோக்கு என்று புகழ்வதும், ஒரே வேரிலிருந்து வங்காள விரிகுடாவின் இரு புறங்களிலும் தனித்தனியே முளைத்த பேச்சுகள். இதனை அறியாதவர் 'ஷியோக்' என்பதைத் தமிழுக்குத் தொடர்பில்லாத அயற்சொல் என்று ஒதுக்குவது, உறவினரை அடையாளம் தெரியாமல் வாயிலிலேயே நிறுத்திவிடுவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய கலப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்கச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் ஒரு காலத்தில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று அழைக்கப்பட்டது. அப்பகுதியில் இருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் அது. அப்பெயரின் முற்பாதி தமிழ், பிற்பாதியான 'கம்பம்' என்பது சிற்றூரைக் குறிக்கும் 'கம்போங்' என்ற மலாய்ச் சொல் தமிழ் நாவில் பெற்ற வடிவம். கால்நடை வணிகம் செழித்திருந்த காலத்தை நினைவூட்டும் 'கண்டாங் கெர்பாவ்' என்ற அவ்வட்டாரத்து மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். அருகிலுள்ள தெருவை ஆங்கிலம் 'பஃபலோ ரோடு' என்கிறது. அங்குள்ள சந்தையின் பெயரான 'தேக்கா', மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் தொடரிலிருந்து வந்தது. 1982இல் கட்டப்பட்ட இன்றைய கட்டடத்துக்கு அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பான 'சூஜியாவ்' என்பதே முதலில் சூட்டப்பட்டது. மக்கள் அதனை ஏற்காமல் பழைய பெயரையே சொல்லிவந்ததால், 2000ஆம் ஆண்டில் 'தேக்கா நிலையம்' என்று அதிகாரப்பூர்வமாகவே மாற்றப்பட்டது. பேச்சுவழக்கு அரசின் பெயர்ப்பலகையைத் திருத்திய நிகழ்ச்சி இது.

அந்தச் சந்தையின் உணவங்காடிகளில் 'ரெண்டு கோசோங்' என்று கேட்டால் முட்டையோ வெங்காயமோ சேராத வெறும் பராட்டா இரண்டு வரும். 'கோசோங்' என்பது வெறுமை, சுழியம் எனப் பொருள்படும் மலாய்ச் சொல். 'தே தாரேக்' என்னும் இழுத்து ஆற்றிய தேநீரில் 'தே' ஹொக்கியனிலிருந்து மலாய்க்கு வந்தது, 'தாரேக்' மலாய், ஆற்றும் கை பெரும்பாலும் தமிழ் முஸ்லிமுடையது. மறுதிசையில் தமிழின் 'கடை' மலாயில் 'கெடாய்' என்றும், 'கப்பல்' 'காப்பால்' என்றும், 'கட்டில்' 'காத்தில்' என்றும், 'முதல்' என்னும் வணிகச் சொல் 'மோடால்' என்றும் நெடுங்காலத்துக்கு முன்பே குடியேறிவிட்டன. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் சீன வாடிக்கையாளரின் சுவையறிந்து 1950ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியதாகக் கூறப்படும் மீன்தலைக் கறி, இன்று ரேஸ் கோர்ஸ் சாலையின் உணவகங்களுக்குப் பெயர் தேடித் தரும் பண்டமாக இருக்கிறது. 2025 மார்ச் மாதத்தில் அதன் ஆங்கிலப் பெயரும் 'ஆலமாக்' என்னும் மலாய் வியப்புச் சொல்லோடு சேர்ந்து ஆக்ஸ்ஃபர்ட் அகராதியில் இடம்பெற்றது. உணவின் வழியே சுவையும், சுவையின் வழியே அதனைப் புகழும் சொல்லும் ஓர் இனத்திடமிருந்து மற்றோர் இனத்துக்குச் செல்வதைத் தடுக்க எந்த வேலியாலும் இயலவில்லை. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது உணவுவகைகளோடு மக்கள் கூடும் பொது இடமும் போற்றப்பட்டது. அந்தப் பொது இடத்தின் பொதுச்சொற்களுள் ஒன்று 'ஷியோக்'.

சிங்கப்பூர்த் தமிழர் இச்சொல்லை ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் கையாள்வதில்லை. 'அண்ணே, இன்னிக்கு மீன்தலை ஷியோக்கா இருந்துச்சு' என்று கடைக்காரரிடமும், 'அக்கா, மழையில நல்லா ஷியோக்கான தூக்கம் லா' என்று தெரிந்தவரிடமும் சொல்வது இயல்பாகிவிட்டது. இங்கே தமிழ் இலக்கணம் வந்த சொல்லைத் தன் ஒழுங்குக்கு உட்படுத்திக்கொள்வதைக் காணலாம்: சிங்கிலிஷில் உருமாறாத சொல், தமிழில் 'ஆன' ஏற்றுப் பெயரடையாகிறது, 'ஆக' என்பதன் பேச்சுவடிவமான 'ஆ' ஏற்று வினையடையாகிறது, 'இரு' என்னும் துணைவினையைத் தழுவிக் காலமும் இடமும் காட்டுகிறது. 'அழகான', 'அழகாக' என்பவை நடக்கும் அதே பாதை அது. சென்னையின் 'சோக்கான', 'சோக்கா' ஆகியவையும் அதே பாதையில் நடந்தவை. ஒரு மொழி தன் விகுதிகளை அயற்சொல்லின்மேல் தயக்கமின்றி ஏற்றுகிறது என்றால் அம்மொழியின் உள்ளுறுப்புகள் உயிரோடு இயங்குகின்றன என்பதே அதன் பொருள். யாரிடம் சொல்லலாம் என்பதற்கும் எழுதாத வரையறை உண்டு. ஒத்த வயதினரிடமும் பழகிய கடைக்காரரிடமும் பொருந்தும் இச்சொல், கோயில் மேடைப் பேச்சிலோ புதிதாக அறிமுகமான பெரியவரிடம் விருந்தைப் புகழும்போதோ பொருந்தாது. அங்கெல்லாம் 'சாப்பாடு ரொம்ப அருமையா இருந்துச்சுங்க' என்பதே மரியாதை.

ஷியோக் போல அயற்சொல்லை வாங்காமல், ஆங்கிலச் சொல்லையே பெயரடையாக்கிப் பொருள் மாற்றிய வழக்கும் சிங்கிலிஷில் உண்டு. 'பிளர்' என்பது பொது ஆங்கிலத்தில் மங்கலைக் குறிக்கும் பெயராகவும் வினையாகவும் வழங்க, சிங்கப்பூரில் நடப்பது புரியாமல் விழிக்கும் ஆளைக் குறிக்கும் பெயரடையாயிற்று. கணவாய் மீனைக் குறிக்கும் 'சோத்தோங்' என்ற மலாய்ச் சொல்லைச் சேர்த்து, சோத்தோங்கைப்போல் பிளர் என்று உவமிப்பதும் உண்டு.

சிங்கிலிஷ் வழக்கை அரசு நெடுங்காலம் கவலையோடு நோக்கியது. 1999ஆம் ஆண்டுத் தேசிய தின உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் தொங், தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் நாயகனான புவா சூ காங் பேசும் சிங்கிலிஷ் மாணவர்களைப் பாதிக்கிறது என்று வருந்தினார். அடுத்து வந்த கதையில் அந்தப் பாத்திரமே ஆங்கில வகுப்புக்குப் போனது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' இயக்கம் தொடங்கப்பட்டது. வணிகத்தாலும் தொடர்பாலும் வாழும் சிறிய நாட்டில் உலகம் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் குடிமக்களுக்குத் தேவை என்ற அந்தக் கவலை நியாயமானதே. வீட்டில் வேறு ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத பிள்ளைக்குப் பள்ளி அதனைக் கற்பிக்காவிட்டால் இழப்பு அந்தப் பிள்ளைக்கே. 2016 மே மாதத்தில் கவிஞர் குவீ லி சுயி நியூயார்க் டைம்ஸ் இதழில் சிங்கிலிஷைப் போற்றி எழுதியபோது, பிரதமரின் ஊடகச் செயலாளர் அதே இதழில் மறுப்புக் கடிதம் எழுதி இந்தக் கவலையை மீண்டும் முன்வைத்தார். ஆனால் ஷியோக் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அதற்கீடான பொது ஆங்கிலம் தெரியாது என்று கொள்வது பிழையான கணிப்பு. படித்த சிங்கப்பூரர் பலர் அலுவலகக் கூட்டத்தில் ஒரு நடையிலும் உணவங்காடியில் மற்றொரு நடையிலும் பேசி, இரண்டுக்கும் இடையே நொடியில் மாறிக்கொள்கின்றனர். செந்தமிழும் கொடுந்தமிழும் என இருநிலை வழக்கில் நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழருக்கு இதனைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

தமிழ்ப் பற்றாளர்களிடமும் இதையொத்த அச்சம் உண்டு, அதுவும் மதிப்புக்குரியது. 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழும், 2000ஆம் ஆண்டில் அமைந்த வளர்தமிழ் இயக்கமும், ஏப்ரல் தோறும் நடைபெறும் தமிழ்மொழி விழாவும் நல்ல தமிழைக் காக்க உழைக்கின்றன. ஆயினும் ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காடாகவும் 2020இல் 48.3 விழுக்காடாகவும் இருந்தனர். தமிழை அவ்வாறு பேசுவோர் 2020இல் 2.5 விழுக்காட்டினரே. தமிழ்த் தொடருக்குள் வந்தமரும் ஒரு மலாய்ப் பெயரடையால், வீட்டுப்பேச்சு ஆங்கிலத்துக்குச் சாயும் இந்த நிலை நேரவில்லை, தமிழ்த் தொடரே பேசப்படாமல் போவதால் நேர்கிறது. 'ஷியோக்கா இருந்துச்சு' என்று பேத்தி பாட்டியிடம் சொல்லும் வீட்டில் தமிழ் இருக்கிறது. அதே நிறைவை அவள் முழு ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லக்கூடிய வீட்டில்தான் அது இல்லாமற்போகிறது. 2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்ததும், பிள்ளைகள் பயன்படுத்தும் மொழியாகத் தமிழ் நீடிக்கவேண்டும் என்ற அக்கறையால்தான். வகுப்பறையின் பேச்சுத்தமிழ் படித்தோரின் பொதுப்பேச்சையே அளவாகக் கொண்டது. அதில் ஷியோக் போன்ற சொற்களைக் கற்பிக்கவேண்டிய தேவை இல்லை, அவற்றைத் தெரு தானே கற்பித்துவிடும். ஆனால் ஒரு மாணவர் தம்மை மறந்து அச்சொல்லைத் தமிழ்த் தொடருக்குள் சொல்லும்போது சொல்லைத் திருத்தும் ஆசிரியர், தொடர் தமிழில் அமைந்ததற்கு முதலில் பாராட்டு வழங்குதல் நலம்.

எழுத்தில் இச்சொல்லைக் கையாளும்போது வடிவச் சிக்கல் ஒன்று எழுகிறது. ஷகர ஒலியைக் கிரந்த எழுத்தால் குறித்து 'ஷியோக்' என்பது ஒலிக்கு நெருங்கியது. கிரந்தம் தவிர்ப்பவர் 'சியோக்கு' என்று குற்றியலுகரம் சேர்த்து எழுதலாம், 'ஷௌக்' தமிழில் 'சோக்கு' ஆனதும் அந்த முறையில்தான். சிறுகதையின் உரையாடலில் முதல் வடிவம் பேச்சின் நிறத்தைக் காக்கும், கட்டுரையில் இரண்டாம் வடிவம் தமிழ் ஒலியமைதிக்கு இசையும். ஒரே படைப்புக்குள் இரண்டையும் கலக்காமல் இருப்பது போதும். அகராதி தொகுப்போர் செய்யக்கூடிய பணியோ இன்னும் பெரிது. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் வழங்கும் 'பாசார்', 'ரோத்தான்', 'தவுக்கே', 'கோசோங்' முதலியவற்றோடு இச்சொல்லையும் பதிந்து, பொருள், பயன்படும் சூழல், ஏற்கும் விகுதி, எடுத்துக்காட்டுத் தொடர் ஆகியவற்றைத் தந்து, சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு வழக்குகளின் 'சோக்கு' என்னும் பதிவைப் பார்க்குமாறு குறிப்பிட்டால், தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து ஞாயிறுதோறும் சிராங்கூனில் கூடும் இளைஞருக்கும், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் மாணவருக்கும், ஒருவர் பேச்சு மற்றவருக்கு எந்த வழியாக உறவாகிறது என்பதை ஒரே பக்கத்தில் காட்டிவிடலாம்.